ஈரோடு டைம்

மூக்கு அறுவை சிகிச்சையில் மயக்க மருந்து கொடுப்பவனுக்குப் பெருமை என்று ஒன்றும் கிடையாது. மூக்கு எடுப்பாக வந்தால் அது சர்ஜனின் கைராசி. நோயாளி கண் விழிக்கக் கொஞ்சம் பிந்தினால் அது என் தலையெழுத்து. ஹைதராபாத்துக்கு வந்த நாள் முதல் இந்த வேலைதான் பார்க்கிறேன். எனக்கு வேகமான சர்ஜன்களைத்தான் பிடிக்கும். நான் பாளையங்கோட்டைக்காரன், அவசரக்காரன், காபியை ஆற்றிக் குடிக்கக்கூடப் பொறுமையில்லாமல் தினமும் நாக்கைச் சுட்டுக்கொள்கிறவன். அப்படிப்பட்டவன் தலையில் அந்த ஈரோட்டு அம்மாவைக் கட்டி வைத்த கடவுளும் லேசுப்பட்டவர் அல்ல.

அவர் பிளாஸ்டிக் சர்ஜன். பேகம்பேட்டில் நான் போய்வந்த நடுத்தர மருத்துவமனை ஒன்றில் மூக்கு வேலை என்றால் அவர்தான். ஐம்பது வயதைத் தாண்டியவர். குள்ளம். ஆபரேஷன் மேசைக்கு எட்டுவதற்குக் காலடியில் ஒரு பலகை போட்டுக்கொள்வார். ஈரோட்டுக்குப் பக்கத்தில் ஏதோ ஊர் என்று சொல்லுவார். கணவர் மத்திய அரசு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானி, வீடு ஹப்சிகுடாவில். தெலுங்கும் உருதுவும் புழங்கும் ஊரில் அத்தனை வருடம் இருந்தும் அவருடைய தமிழிலிருந்து ஒரு ‘ங்க’கூட உதிரவில்லை. கணவர் ஓய்வு பெற்றதும் இருவரும் கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டார்கள்.

அவரோடு நான் நின்ற முதல் கேஸ், லாரி விபத்தில் மூக்குத்தண்டு நொறுங்கிய ஒரு கரீம்நகர்க்காரர். அழுந்திப்போன மூக்கைத் தூக்கி நிறுத்த உள்ளே ஒரு தாங்கல் வேண்டும். சின்ன வேலை என்றால் மூக்கின் நடுச்சுவரிலிருந்தே ஒரு துண்டுக் குருத்தெலும்பு எடுப்பார்கள். அது போதாவிட்டால் காது மடலின் பின்பக்கம். பெரிய வேலை என்றால் விலாவுக்குத்தான் போகவேண்டும். அன்று விலா. மார்புக்குக் கீழே சின்னதாக ஒரு கீறல் போட்டு, விரல் நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று ஒரு துண்டை எடுத்தார். எடுத்த பள்ளத்தில் உப்புத் தண்ணீரை ஊற்றி, “டாக்டர், கொஞ்சம் ஊதுங்க” என்றார். நான் நுரையீரலுக்குள் காற்றை அழுத்தினேன். குமிழி வரவில்லை, நுரையீரல் உறையில் ஓட்டை இல்லை. அதுவரை எல்லாம் கச்சிதமாக நடந்தது. குருத்தெலும்பின் மேல்தோலைச் சுரண்டி, செதுக்கி, இழைத்து, படகு போல ஒரு வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அதைக் கிண்ணத்திலிருந்த உப்புத் தண்ணீரில் போட்டார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கையுறைக் கைகளை மார்பில் கோத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“என்ன டாக்டர், ஏதாவது பிரச்சனையா?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்லீங்க. ஊறட்டும்.”

“எவ்வளவு நேரம்?”

“அரை மணி நேரமாவது ஆகுமுங்க.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நோயாளி திறந்த மூக்கோடு தூங்கிக்கொண்டிருக்கிறார், ரத்த அழுத்தத்தை நான் கயிற்றில் நடப்பவன் மாதிரி பிடித்துக்கொண்டு நிற்கிறேன், இவர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்:

“செதுக்குன ஒடனே எல்லாமே நேராத்தானுங்க இருக்கும். கொஞ்ச நேரம் போனாத்தான் அது எந்தப் பக்கம் வளையுதுன்னு தெரியும். மூக்குக்குள்ள வெச்சுத் தெச்சதுக்கப்பறம் வளைஞ்சா நாம என்னங்க பண்றது? வளையறது இங்கயே வளையட்டும்.”

அந்த அரை மணி நேரத்துக்குத் தியேட்டரில் ‘ஈரோடு டைம்’ என்று பெயர். வைத்தது வரங்கல்லைச் சேர்ந்த தலைமை நர்ஸ். கிண்ணத்தில் துண்டு விழுந்த சத்தம் கேட்டதும், பழைய நகரத்து டெக்னீஷியன் ஒருவர் கதவருகில் நின்று, “ஈரோடு டைம் ஷுரு ஹோ கயா, சாப்” என்று, அது தொடங்கிவிட்டதை வெளியே அறிவிப்பார். ஒவ்வொருவராகப் போய்ச் சாய் குடித்துவிட்டு வருவார்கள். நான் போக முடியாது. நோயாளியை விட்டு நகர்ந்தால் என் தொழிலுக்கே அர்த்தமில்லை. ஆக, அவர்களுக்குச் சாய், எனக்கு மானிட்டர், அந்த அம்மாவுக்குக் கிண்ணம்.

இரண்டு மாதம் போல எரிச்சலிலேயே போயிற்று. ஒருநாள் கிண்ணத்தில் கிடந்த துண்டு, ஸ்கேல் மாதிரி நேராக இருந்தது, என் கண் முன்னாலேயே முருங்கைக்காய் மாதிரி ஒரு பக்கமாக வளைந்தது. நான் குனிந்து பார்த்தேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பாத்தீங்களா, பாத்தீங்களா, இப்பவே சொல்லிப்போட்டுது” என்றார், வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் காட்டுகிற தோரணையில். அந்தத் துண்டைத் தண்டுக்கு வைக்காமல் நறுக்கி அடியில் முட்டுக் கொடுக்கப் பயன்படுத்திக்கொண்டார். தண்டுக்கு வேறொன்று செதுக்கினார். அதற்கும் இன்னொரு அரை மணி நேரம். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கமாட்டானா என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார். அவர் வாழ்க்கையில் நடந்தது எல்லாம் எனக்கு அந்த அரை மணி நேரங்களில்தான் தெரியவந்தது, அதுவும் முன்பின்னாக.

ஹப்சிகுடாவில் ஒரு அடுக்ககத்தில் வீடு வாங்க நினைத்தார்களாம். எல்லோரும் முன்பணம் கொடுத்துப் பதிவு செய்வார்கள். இவர் அதே கட்டடத்தில் வாடகைக்குப் போய் இரண்டு மழைக்காலம் இருந்திருக்கிறார். மழை பெய்யும்போதெல்லாம் அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் காபி குடிக்கப் போகிற சாக்கில் சுவர்களைத் தடவிப் பார்த்திருக்கிறார். “மூணாவது மாடில வடக்குப் பாத்த ரூமெல்லாம் ஓதம் அடிக்குதுங்க. நாலாவது மாடில இல்ல. அதனால நாலாவது மாடி” என்றார். கட்டடக்காரர் இவரைப் பார்த்தாலே லிஃப்ட்டுக்குள் போய்விடுவாராம்.

கல்யாணக் கதை அதைவிட மோசம். பெண் பார்க்க வந்த விஞ்ஞானியை இவருக்குப் பிடித்துத்தான் இருந்திருக்கிறது. இருந்தாலும் மேற்படிப்பு முடியட்டும் என்று காரணம் சொல்லி மூன்று வருடம் இழுத்திருக்கிறார்.

“அவரு வேற பொண்ணப் பாத்திருந்தா?” என்று கேட்டேன்.

“போயிருப்பாருங்க. அதத் தெரிஞ்சுக்கத்தான இழுத்தது.”

அழகுக்காக மூக்கைத் திருத்த வருகிறவர்களிடமும் இதே கதைதான். இந்த ஊரில் கணினி நிறுவனப் பிள்ளைகள் கைப்பேசியில் யாரோ ஒருவருடைய மூக்குப் படத்தை வைத்துக்கொண்டு வருவார்கள், வருகிற வெள்ளிக்கிழமையே வேண்டும் என்பார்கள். இவர் படத்தை நன்றாகப் பார்ப்பார். நல்ல மூக்கு என்று பாராட்டக்கூடச் செய்வார். “ஆறு மாசம் கழிச்சு இதே படத்தோட வாங்க” என்று அனுப்பிவிடுவார். பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள். ஒருவன் வந்தான், வேறொரு மூக்கின் படத்தோடு. அவனை இன்னும் ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். மூன்றாம் முறை அவன் கையில் கல்யாணப் பத்திரிகை இருந்தது. மூக்கு பழைய மூக்கேதான். நிர்வாகத்தில் இவரைக் கூப்பிட்டுத் தன்மையாகச் சொல்லிப் பார்த்தார்கள். இவரும் தன்மையாகத் தலையாட்டிவிட்டு வந்தார். ஒன்றும் மாறவில்லை.

இதையெல்லாம் நான் வீட்டில் வந்து கதை கதையாகச் சொல்லிச் சிரிப்பேன். என் மனைவியும் சிரிப்பாள். அந்தப் பொறுமை ஒருநாள் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் என்று யாருக்குத் தெரியும்.

என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. ஒரு வாரப் பள்ளிச் சுற்றுலாவில் முதல் நாளே ஊஞ்சல் பலகை மூக்கில் இடித்துவிட்டது. ரத்தம் வெளியே வரவில்லை, அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூக்கைப் பொறுத்தவரை ரத்தம் வெளியே வருவது நல்லது. உள்ளேயே தேங்கினால் நடுச்சுவருக்கு ஊட்டம் நின்று சீழ் வைத்துக் குருத்தெலும்பைக் கரைத்துவிடும். காய்ச்சலோடு அவள் வீடு வந்து சேர்ந்தபோது கரைய வேண்டியது கரைந்திருந்தது. சீழை எடுத்தார்கள், காய்ச்சல் போயிற்று. இரண்டு மூன்று மாதத்தில் மூக்குத்தண்டு நடுவில் மெல்ல மெல்ல உட்கார்ந்துவிட்டது.

ஈரோட்டு அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். மகளைத் தன் முன்னால் உட்காரவைத்து மேலிருந்தும் கீழிருந்தும் பக்கவாட்டிலும் பார்த்தார். மூச்சு விடச் சொல்லிப் பார்த்தார். படம் எடுத்தார்.

“மூச்சு நல்லாப் போகுதுங்க, தம்பி. அதனால பொறுக்கலாம். முழு வேலையும் இப்பப் பண்ணுனா, முகம் வளர வளர மூக்கு பின்தங்கிப்போகும். பதினாறு, பதினேழு ஆகட்டும்.”

அதுவரை என்னை ‘டாக்டர்’ என்றுதான் கூப்பிடுவார். அன்றுதான் முதன்முதலாகத் ‘தம்பி’. எனக்கு அது ஆறுதலாக இல்லை.

வீட்டில் மனைவி கேட்டாள்: “டாக்டரம்மா என்ன சொல்லுதாங்க?”

“அஞ்சாறு வருசம் பொறுக்கணுமாம்.”

“பொறுத்தார் பூமி ஆள்வாரும்பாங்க. எனக்குப் பூமியெல்லாம் வேண்டாங்க. எம் பிள்ளைக்கு ஒரு மூக்கு வந்தாப் போதும்.”

நகரத்தில் இன்னொரு சர்ஜன், சிலிகோன் துண்டு வைத்து அடுத்த வாரமே செய்து தருகிறேன் என்றார். நான் பாதி மனதாக இருந்தேன். ஈரோட்டு அம்மாவிடமே போய்ச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

“அவரு நல்ல கைக்காரருதானுங்க. ஆனா இவளுக்கு மேல்தோலு மெல்லிசா இருக்குது. வெளிய இருந்து வெச்ச பொருளு என்னிக்காச்சும் ஒருநாள் எட்டிப் பாக்கும். அவளோட விலா எலும்புன்னா அவளோடயே இருந்துக்கும். முடிவு உங்களுதுங்க.”

அப்படி எட்டிப் பார்த்த சிலிகோனை எடுக்கும் கேஸ்களுக்கு மயக்க மருந்து கொடுத்தவன் நான். அந்த சர்ஜனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் மகளை அவரிடம் கூட்டிப்போவோம். படம் எடுப்பார், உயரம் அளப்பார். கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்: “செருப்பு என்ன சைஸ், கண்ணு?”

மருத்துவப் புத்தகம் எதிலும் நான் பார்க்காத கேள்வி அது. விளக்கமும் அவரே சொல்லுவார். “முதல்ல கால் வளர்றது நிக்கும். அப்பறம் ஒசரம் நிக்கும். கடைசியாத்தான் மூக்கு நிக்கும். கால் நின்னு ரெண்டு வருசம் போகட்டும், தேதி வெச்சுக்கலாம்.”

மகள் வளர்ந்தது ஹைதராபாத்தில் நாங்கள் குடியிருக்கும் அல்வாலில். நாங்கள் பேசும் தமிழ் அவளுக்குப் புரியும், பதில் மட்டும் எந்த மொழியில் வரும் என்று சொல்ல முடியாது. பள்ளியில் அவளை ‘சப்டி’ என்று கூப்பிட்டார்கள், தட்டைமூக்குக்காரி என்று. எங்களிடம் அவள் அதைச் சொன்னதே இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருநாள் மாடிப்படியில் நின்று கூப்பிட்டபோதுதான் என் மனைவி கேட்டாள். குடும்பப் படங்களில் அவள் எப்போதும் தும்முவது போலவோ கன்னத்தில் கை வைத்தது போலவோ இருப்பாள். முகக்கவசக் காலம் வந்தது. ஊரே மூச்சு முட்டித் தவித்தபோது எங்கள் வீட்டில் ஒருத்தி மட்டும் பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்தாள். ஊர் கவசத்தைக் கழற்றிய பிறகும் அவள் கழற்றவில்லை. “ஏட்டி, இன்னும் எதுக்கு அது?” என்று கேட்டால், “நக்கோ அப்பா, லைட் லேலோ” என்று, பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்பதை இந்த ஊர் உருதுவில் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். வகுப்பில் கவசம், கடைக்குப் போகும்போது கவசம், சாப்பாட்டு இடைவேளையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பாடு. என் பிள்ளை தன் முகத்தை ஒரு துணிக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வளர்ந்தாள். ஒரு தகப்பனுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடப் பெரிய தண்டனை தேவையில்லை.

பதினான்கு வயதில் அந்தக் கோடைச் சந்திப்பு.

“செருப்பு என்ன சைஸ், கண்ணு?”

“ஃபோர், ஆன்ட்டி. போன வருஷமும் ஃபோர்தான்.”

அவர் முகம் மலர்ந்தது. கால் நின்றுவிட்டது, இனி இரண்டு வருடம். எனக்கும் மனம் லேசாயிற்று. எழுதிக்கொண்டே, “செரி கண்ணு, அந்த எடை பாக்கற மெஷின்ல ஏறிட்டு வா” என்றார். மகள் எழுந்து போனாள். அவள் நடப்பதை அவர் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“கண்ணு, அந்த ஷூவக் கழட்டு.”

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து கழற்றினாள். குதிகாலில் இரண்டு பக்கமும் தோல் உரிந்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நகம் கறுத்திருந்தன. சுண்டுவிரலில் கொப்புளம். ஒரு சைஸ் சின்ன ஷூவை எத்தனை மாதமாகப் போட்டுக்கொண்டு திரிகிறாளோ, வீட்டில் யாருக்கும் தெரியாது. காலை இறுக்கி வைத்தால் கால் நின்றுவிடும், கால் நின்றால் மூக்கு வந்துவிடும் என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டிருக்கிறாள்.

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஈரோட்டு அம்மா நாற்காலியை விட்டு எழுந்து வந்து தரையில் உட்கார்ந்து அந்தக் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். திட்டவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்து மருந்து போட்டார்.

“ஆன்ட்டி, ப்ளீஸ்” என்றாள் மகள். அதற்கு மேல் அவளுக்குத் தமிழும் வரவில்லை, வேறெந்த மொழியும் வரவில்லை.

“வா, முதல்ல காலுக்கு ஒரு வழி பண்ணுவோம்” என்று அவளைக் கூட்டிக்கொண்டு கீழே போய், தெருவோரத்தில் இருந்த செருப்புக் கடையில் ஐந்தாம் சைஸில் மெத்தென்ற ஒரு ஜோடி வாங்கிப் போட்டுவிட்டார். வெளியே காத்திருந்த நோயாளிகள் எல்லோரும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் தியேட்டரில் கிண்ணத்துக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னார்:

“தம்பி, அந்தப் புள்ளையோட கால் கண்ணுக்குள்ளயே நிக்குதுங்க. பேசாம இப்பவே பண்ணிப்போடலாமான்னு கூடத் தோணுச்சு.”

“பண்ணிருங்க, டாக்டர்.”

அவர் கிண்ணத்தையே பார்த்தார். “இல்லீங்க. எனக்கு மனசு கேக்கலீங்கறதுக்காக அவ மூக்கக் கெடுக்கக் கூடாது.”

அன்று அவர் மேல் எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் அல்ல. சரியான பேச்சைச் சரியான ஆள் சொன்னால் வருகிற கோபம் அது. மூன்று நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதையும் பொறுத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் கால் நின்றது. பிறகு உயரம் நின்றது. பதினேழாம் வயதில், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு தேதி குறித்தார்.

சொந்தப் பிள்ளைக்கு நான் மயக்க மருந்து கொடுக்கக் கூடாது. என் நண்பர் ஒருவரை வரச் சொன்னேன். மகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். என் தொழிலில் முதல் தடவையாக அந்தக் கதவுக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில், மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாதவர்கள் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். எனக்கு எல்லாம் தெரியும். இப்போது விலாவில் கீறல். இப்போது உப்புத் தண்ணீர். இப்போது நண்பர் ஊதுகிறார். குமிழி வந்ததா, வரவில்லையா?

மனைவி கேட்டாள்: “ஏங்க, இப்பம் என்ன செய்வாங்க?”

“செதுக்குவாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் சும்மா உக்காந்திருப்பாங்க.”

அரை மணி நேரம் போயிற்று. ஒரு மணி நேரமும் போயிற்று. நண்பர் கைப்பேசியில் செய்தி அனுப்பினார்: ‘எல்லாம் நல்லாருக்கு. அம்மா இன்னும் கிண்ணத்தையே பாத்துட்டு இருக்காங்க.’ அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. தொப்பியோடும் கவுன் இல்லாத பச்சை உடுப்போடும் ஈரோட்டு அம்மா வெளியே வந்தார். என் மனைவி எழுந்தே விட்டாள். அவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பயப்படாதீங்க. புள்ள நல்லாத் தூங்கறா, அசிஸ்டெண்ட் கூட இருக்காரு. முதல்ல செதுக்குனது வளைஞ்சுபோச்சுங்க. நடுப்பாகத்துல இருந்து இன்னொண்ணு செதுக்கிப் போட்டிருக்கறேன். அது ஊறுது. அதுவரைக்கும் உங்க கூட உக்காந்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

“அதுவும் வளைஞ்சுதுன்னா?” என்றாள் மனைவி.

“மூணாவது செதுக்கறதுக்கு இடம் இருக்குதுங்க.”

மூவரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஒரு கிண்ணத்தில் என் மகளின் விலாவிலிருந்து எடுத்த ஒரு துண்டு, தன் குணத்தைக் காட்டுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. நேரமானதும் அவர் எழுந்து உள்ளே போனார். மறுபடி கை கழுவி, கவுன் மாட்டி, கிண்ணத்தைப் பார்த்திருக்கிறார். அது வளையவில்லை. வைத்துத் தைத்தார்.

மூக்கின் மேல் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏழாம் நாள் கட்டுப் பிரிக்க வரச் சொன்னார். அதற்குப் பிறகும் நோயாளிகள் எல்லோருக்கும் சொல்லும் பாடத்தை எங்களுக்கும் சொன்னார். வீக்கம் முழுக்க வடிய ஒரு வருடம் ஆகும். ஒரு வருடத்துக்கு முன்னால் மூக்கைப் பற்றி அவரும் எதுவும் சொல்லமாட்டார், நாங்களும் கேட்கக் கூடாது. அதை அவர் யாருக்காகவும் மாற்றியதில்லை என்பது எனக்குத் தெரியும். அமைச்சர் வீட்டுப் பெண் ஒருத்தி அழுது கேட்டபோதுகூட, “வருசம் போகட்டுமுங்க” என்றுதான் சொன்னார்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் நான் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் கண்ணுக்குக் கீழே கன்றிப்போய், மூக்கில் கட்டோடு சோபாவில் படுத்திருந்தாள். அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஈரோட்டு அம்மா, பருத்திப் புடவையும் கைப்பையுமாக. பின்னால் அவர் கணவர் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றார்.

“வாங்க டாக்டர், என்ன திடீர்னு?”

“இந்தப் பக்கமா ஒரு வேலைங்க. அப்படியே புள்ளையப் பாத்துட்டுப் போலாம்னு.”

“ஒரு வேலையும் இல்லீங்க” என்றார் கணவர், செருப்பைக் கழற்றிக்கொண்டே. “விடிகாலைல இருந்து கெளம்பு, கெளம்புன்னு உசுர எடுத்துட்டா. ஹப்சிகுடால இருந்து அல்வால் வர்ற வரைக்கும் நான் மெதுவா ஓட்டறேனாம்.”

ஈரோட்டு அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. நேரே போய் மகளுக்கு முன்னால் மோடாவில் உட்கார்ந்தார். என் மனைவியிடம் வெதுவெதுப்பாகத் தண்ணீர் கேட்டார். பஞ்சால் ஓரங்களை நனைத்து ஒட்டுநாடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தார்.

“ஏழாம் நாள்னு சொன்னீங்களே” என்றேன்.

“அஞ்சாம் நாளும் பிரிக்கலாமுங்க” என்றார், என்னைப் பார்க்காமல்.

கட்டு வந்துவிட்டது. மேலிருந்து பார்த்தார். தாடையைத் தூக்கிக் கீழிருந்து பார்த்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். கட்டைவிரலால் தண்டின் மேல் மெல்ல ஒருமுறை தடவினார். வீங்கித்தான் இருந்தது, மஞ்சளும் ஊதாவுமாக இருந்தது. ஆனால் நெற்றியிலிருந்து நுனிவரை ஒரே கோடாக, நடுவில் பள்ளம் இல்லாமல் வந்திருந்தது. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே அலமாரியிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவந்து கொடுத்தாள்.

மகள் பார்த்தாள். கண்ணாடியைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள், கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிப் பக்கவாட்டில் பார்த்தாள். நாங்கள் நாலு பேரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. சிரித்துவிட்டால் போய்விடுமோ என்று பயப்படுகிறாள்.

“ஆன்ட்டி, இது இப்டியே இருக்குமா? மறுபடி வளையாதா?”

கேட்கக் கூடாத கேள்வி. பதில் எனக்கு மனப்பாடம். வருடம் போகட்டும், கண்ணு. அவர் வாயைத் திறந்ததும் எனக்கு அதுதான் கேட்டது போல இருந்தது. ஆனால் அவர் சொன்னது அது இல்லை.

“வளையாது, கண்ணு. நான் சொல்றேன், வளையாது.”

மகள் சிரித்தாள். சிரித்தால் தையல் இழுக்கும், வலிக்கும். வலிக்க வலிக்கச் சிரித்தாள். ஈரோட்டு அம்மா அவள் கன்னத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஐந்தாம் நாளில் அந்த வார்த்தையைக் கொடுக்க எந்த சர்ஜனிடமும் ஆதாரம் கிடையாது. எனக்குத் தெரியும், அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த மூக்கு இப்போது கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிறது, நேராகத்தான் இருக்கிறது. ஆனால் அது அன்று யாருக்கும் தெரியாது.

அவர் கணவர் காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மூன்று வருடம் காத்துக் கிடந்த அவரும், எத்தனையோ அரை மணி நேரம் நின்ற நானும் அந்த ஒரு வருடக் கணக்கை அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.